அடிபட்ட பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வி

தலையில் அடிபட்டு விழுந்த பிள்ளையை நோக்கி ஓடும் பெரியவர் முதலில் கேட்பது, பெரும்பாலும், "ஒன்றும் ஆகவில்லையே, ஆடுவாயா?" என்பதுதான். சிறுவர் போட்டிகளில் முதலுதவிப் பெட்டியுடன் எல்லைக்கோட்டின் ஓரம் நிற்கும் தன்னார்வலராக, இந்தக் கேள்வி பல மொழிகளிலும் பல தொனிகளிலும் என் காதில் விழுந்திருக்கிறது. கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கிறார். பதிலும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது: "ஆடுவேன்." அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடரும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது. மூளை அதிர்ச்சியைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தேவைதான். ஆனால் கற்பித்துவிட்டோம் என்ற நிம்மதியில், முடிவெடுக்கும் பாரத்தையும் அவர்களிடமே விட்டுவிடுவது பெரியவர்கள் தங்கள் கடமையிலிருந்து விலகிக்கொள்வதாகும்.

கன்கஷன் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் மூளை அதிர்ச்சி, தலையில் நேரடியாக விழும் அடியால் மட்டும் வருவதில்லை. தோளிலோ மார்பிலோ பலமாக மோதியதில் தலை சட்டென்று வீசப்பட்டாலும் மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குகிறது. அதிலும் தலை திடீரென்று சுழலும்போது மூளைத் திசுவின் பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து நரம்பிழைகள் இழுபடுகின்றன. எலும்பு முறிவதில்லை, இரத்தம் வருவதில்லை, வீக்கம்கூட இல்லாமல் போகலாம். நினைவிழந்து விழுவது பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. ஆனாலும் "மயக்கம் போடவில்லையே, பிறகென்ன?" என்று ஆறுதலடையும் பெற்றோரை ஒவ்வொரு பருவத்திலும் சந்திக்கிறேன். சி.டி. ஸ்கேன் எடுத்தாலும் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மண்டையோட்டில் விரிசல் இல்லை, உள்ளே இரத்தக்கசிவு இல்லை என்பதை உறுதிசெய்யத்தான் ஸ்கேன் உதவுகிறது. மூளை அதிர்ச்சி இல்லை என்று அது சான்றளிப்பதில்லை. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மறுவாரமே மைதானத்துக்கு அனுப்பப்படும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

படத்தில் தெரியாத அந்தக் குலைவு எத்தகையது என்பதைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த கிறிஸ்டஃபர் கீஸாவும் டேவிட் ஹவ்டாவும் 2001-இல் ஒரு கட்டுரையில் தொகுத்து எழுதினர். அடிபட்டவுடன் நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கட்டுப்பாடின்றிச் சுரக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய அணுக்களுக்கு வழக்கத்தைவிட அதிகமான குளுக்கோஸ் தேவைப்படுகிறது. அதே வேளையில் மூளைக்கு வரும் இரத்த ஓட்டமோ குறைகிறது. வருமானம் குறைந்த மாதத்தில் மருத்துவச் செலவும் வந்து சேர்ந்த குடும்பத்தின் நிலை அது. முதல் இழப்பையே ஈடுகட்ட முடியாமல் திணறும் அந்த மூளைக்கு இன்னொரு அடி விழுந்தால், தனியாக விழுந்திருந்தால் தாங்கியிருக்கக்கூடிய அடியையும் அது தாங்காமல் போகலாம். வளரும் பிள்ளைகளின் மூளை இந்த இடைவெளியில் எளிதில் பாதிக்கப்படக்கூடியது என்பதோடு, மீள்வதற்கும் அதிக நாள் எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டு வாரங்களில் தேறிவிட, பிள்ளைகளுக்கு நான்கு வாரங்கள் வரை ஆகலாம். சிலருக்கு அதற்கும் மேல்.

நிலைமை இப்படியிருக்க, "ஆடுவாயா?" என்ற கேள்வியின் கோளாறு தெளிவாகிறது. எந்த உறுப்பு காயப்பட்டிருக்கிறதோ அந்த உறுப்பிடமே, நீ காயப்பட்டிருக்கிறாயா என்று கேட்கிறோம். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, எதையும் நிதானித்துச் செய்ய முடியாத மந்தம், காரணமில்லாத அழுகை அல்லது எரிச்சல் ஆகிய அறிகுறிகளில் சில உடனே தெரியும். சில அன்றிரவோ மறுநாளோதான் தலைகாட்டும். விளையாட்டின் வேகத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தன்னுள் நடப்பது புரியாமலே போகலாம். புரிந்தாலும், பத்து வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்லும் சொற்கள் கிடைப்பதில்லை. "தலை ஒரு மாதிரி இருக்கிறது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்குமேல் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கேட்டே ஆக வேண்டுமென்றால் கேட்பதற்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்பன போன்ற கேள்விகளுக்கு மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பலர் சரியாகவே பதில் சொல்லிவிடுகிறார்கள் என்பதை ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து வீரர்களிடம் ஆராய்ந்து 1995-இல் வெளியிட்டார் டேவிட் மாடாக்ஸ். இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம், இது ஆட்டத்தின் எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டத்தில் எந்த அணியோடு மோதினீர்கள், அதில் உங்கள் அணி வென்றதா என்று அண்மை நினைவைத் தொடும் கேள்விகளில்தான் தடுமாற்றம் வெளிப்பட்டது. இவை இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. ஆயினும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்ன பிள்ளை நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. ஒன்றில் தடுமாறினாலே வெளியேற்றப் போதுமான காரணம் கிடைத்துவிடுகிறது. எல்லாம் சரியாக இருந்தாலும் சந்தேகம் இருந்தால் வெளியேற்றத்தான் வேண்டும்.

இந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்காததால் நேர்ந்த ஒன்றிலிருந்துதான் இன்றைய சட்டங்கள் பிறந்தன. 2006 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 13 வயதான சாக்கரி லிஸ்டெட் என்ற சிறுவன் தன் பள்ளிக்காக, பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தான். முதல் பாதியின் முடிவில் தலை தரையில் மோதியது. தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவன், சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டாம் பாதியில் மீண்டும் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே சரிந்தான். மூளையில் இரத்தக்கசிவு, அழுத்தத்தைக் குறைக்க மண்டையோட்டின் இரு பக்கங்களையும் அகற்ற வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தான், ஆனால் ஒரு சொல் பேசுவதற்கே பல மாதங்கள் ஆயின. 2009-இல் அந்த மாநிலம் அவன் பெயரால் ஒரு சட்டம் இயற்றியது. பெற்றோரும் பிள்ளையும் ஆண்டுதோறும் மூளை அதிர்ச்சி பற்றிய தகவல் தாளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். சந்தேகம் எழுந்தவுடன் பிள்ளையை ஆட்டத்திலிருந்து நீக்க வேண்டும். தகுதி பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்து மூலம் ஒப்புதல் தந்த பிறகே திரும்ப அனுமதிக்க வேண்டும். 2014-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் ஏதோவொரு வடிவில் இத்தகைய சட்டத்தை ஏற்றுக்கொண்டுவிட்டன.

அதன் பின்னும், வேறு நாடுகளில், அதே கதை. 2011 ஜனவரியில் வட அயர்லாந்தில் 14 வயது பென் ராபின்சன் ஒரு பள்ளி ரக்பி ஆட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மோதி விழுந்து, தொடர்ந்து ஆடி, ஆட்டம் முடியும் தறுவாயில் சரிந்து, இரண்டு நாட்களில் இறந்தான். முதல் அடியிலிருந்து மீளும் முன்பே விழும் அடுத்த அடியால் மூளை வீங்கி உயிரைப் பறிக்கும் இரண்டாம் அடி நோய்க்குறித்தொகுதியே காரணம் என்று 2013-இல் மரண விசாரணை முடிவு செய்தது.

ஆனால் என் சிந்தனையைத் திருப்பியது ரோவன் ஸ்டிரிங்கரின் மரணம். கனடாவின் ஒட்டாவா நகரில் தன் பள்ளியின் மகளிர் ரக்பி அணிக்குத் தலைவியாக இருந்த 17 வயதுப் பெண் அவள். 2013 மே மாதத்தில், ஒரு வாரத்துக்குள், அடுத்தடுத்த ஆட்டங்களில் தலையில் அடிபட்டாள். தலை வலித்தது. தனக்கு மூளை அதிர்ச்சி இருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. தோழிக்குக் குறுஞ்செய்தியில் சொல்லியிருக்கிறாள். இணையத்தில் தேடியும் பார்த்திருக்கிறாள். பெற்றோரிடமும் பயிற்சியாளரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்தில் இறங்கினாள், வீசி எறியப்பட்டதில் தலையும் கழுத்தும் தரையில் மோதின, நினைவு திரும்பவே இல்லை. நான்கு நாட்களில் இறந்தாள்.

அந்தப் பெண்ணுக்குத் தகவல் போதவில்லை என்று சொல்ல முடியாது. சந்தேகம் வந்தது, தேடினாள், படித்தாள். நாம் விழிப்புணர்வு என்று அச்சிட்டுக் கொடுக்கும் தாளில் இருப்பவை அவள் விரல் நுனியில் இருந்தன. அவளிடம் இல்லாதது, இந்த ஆட்டத்தில் நீ இறங்க வேண்டாம் என்று அவளுக்காகச் சொல்லும் ஒரு பெரியவர். அவளுக்கு அருகில் இருந்த பெரியவர்களின் தவறு என்று இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்த தோழிக்கோ, தெரிந்ததை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று யாரும் கற்பித்திருக்கவில்லை. ஆளுக்கொரு துண்டாகத் தகவல் சிதறிக் கிடந்தது. அதை ஒன்றுசேர்க்கும் வழி எந்த அமைப்பிலும் இல்லை. 2015-இல் நடந்த மரண விசாரணை 49 பரிந்துரைகளை முன்வைத்தது. அவற்றின் வழியே 2018-இல் ஒன்டாரியோ மாகாணம் ரோவன் பெயரிலான சட்டத்தை நிறைவேற்றியது. 26 வயதுக்கு உட்பட்ட விளையாட்டு வீரர்களும், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் பெற்றோரும், பயிற்சியாளர்களும் ஆண்டுதோறும் மூளை அதிர்ச்சி பற்றிய பாடப் பொருளைப் படித்ததாக உறுதிப்படுத்த வேண்டும். ஒவ்வொரு விளையாட்டு அமைப்பும் வெளியேற்றும் முறையையும் திரும்பச் சேர்க்கும் முறையையும் எழுதி வைத்திருக்க வேண்டும். வெளியேற்றும் முறையில், இன்னாருக்கு அந்தப் பொறுப்பு என்று ஒருவர் பெயரைக் குறித்து வைக்க வேண்டும் என்பது என் பார்வையில் அதன் மிகச் சிறந்த பகுதி.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை என்பது ஊகத்துக்கு விடப்பட்ட விஷயம் அன்று. அமெரிக்காவின் மில்வாக்கி பகுதியில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் 1,532 உயர்நிலைப் பள்ளி வீரர்களிடம் மைக்கேல் மெக்ரியாவும் உடன் பணியாற்றியவர்களும் விசாரித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பருவத்தில் மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் 47.3 சதவீதத்தினர் மட்டுமே அதை யாரிடமாவது சொல்லியிருந்தார்கள். சொல்லாதவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், பெரிய காயமாகத் தோன்றவில்லை என்றார்கள். ஐந்தில் இருவர், வெளியே உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயந்தார்கள். மூளை அதிர்ச்சி என்றே தெரியாதிருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சொல்ல இடமிருந்ததால் இந்த எண்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. முதல் காரணத்தையும் மூன்றாவதையும் பாடம் நடத்திக் குறைத்துவிடலாம். இரண்டாவது காரணத்தைப் பாடம் தொடாது. வெளியே உட்கார வைப்பார்கள் என்பது அறியாமையால் வந்த அச்சம் அன்று. உண்மையிலேயே அப்படித்தான் நடக்கும், நடக்கவும் வேண்டும். அவ்வாறு உட்காருவதற்குப் பிள்ளை கொடுக்கும் விலையைக் குறைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

விலையை நிர்ணயிப்பவர்கள் நாம்தான். எமிலி குரோஷஸ் தலைமையில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களிடம் நடத்தி 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், தலையில் அடிபட்ட பின்னும் ஆடும்படி முந்தைய ஓராண்டில் யாரிடமிருந்தாவது அழுத்தம் வந்ததாகச் சொன்னவர்கள் கால்பங்குக்கும் மேல். பயிற்சியாளர், அணித் தோழர், பெற்றோர், பார்வையாளர் என்று நான்கு பக்கங்களிலிருந்தும் அழுத்தம் வந்தவர்கள், இனி அடிபட்டால் சொல்லுவோம் என்ற எண்ணமே மற்றவர்களைவிடக் குறைந்தவர்களாக இருந்தார்கள். அழுத்தம் என்றால் அதட்டல் என்று நினைத்துவிடக் கூடாது. "சிங்கக்குட்டி, அடிபட்டும் எழுந்து ஆடினான்" என்று நான்கு பேர் முன்னிலையில் ஒரு தந்தை பெருமைப்படுவதும் அழுத்தம்தான். அரையிறுதிக்கு முன்தினம், "நீ இல்லாமல் எப்படிச் சமாளிக்கப் போகிறோமோ" என்று பயிற்சியாளர் பெருமூச்சு விடுவதும் அழுத்தம்தான். அன்பின் வடிவில் வருவதால் பிள்ளைகளால் அதை எதிர்க்கவும் முடிவதில்லை.

ஆகவே, பருவம் தொடங்கும் முன் நடக்கும் பெற்றோர் கூட்டத்தைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு அந்தக் கூட்டம் முடிந்துவிட்டால், சட்டம் நிறைவேறியிருக்கும், வேறெதுவும் நடந்திருக்காது. பிள்ளைகளும் பெற்றோரும் பயிற்சியாளரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க, மூன்று விஷயங்களாவது வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ஒரு பிள்ளையை வெளியேற்றுவதற்கு இங்கே இருக்கும் எந்தப் பெரியவருக்கும் அதிகாரம் உண்டு. அன்றைய தினம் திரும்பச் சேர்ப்பதற்கு எவருக்கும் அதிகாரம் இல்லை. தோழன் தடுமாறுவதைப் பார்த்துச் சொல்பவன் கோள் சொல்கிறவன் ஆகமாட்டான். வெளியே போன பிள்ளையின் இடம் அதற்காகவே காத்திருக்கும். இவற்றுள் கடைசியானதைப் பயிற்சியாளரே தம் வாயால், எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தில் பயிற்சியாளர் அப்படிச் சொல்லி முடித்தபோது, அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தோழர்களைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பயிற்சியாளரின் கண் பந்தின் மீது இருக்கும். பெற்றோரின் கண் தம் பிள்ளை மீது இருக்கும். பக்கத்தில் ஆடும் பிள்ளைதான் தன் தோழி தவறான திசையில் ஓடுவதையும், ஆட்டத்தின் எண்ணிக்கையை இரண்டாம் முறை கேட்பதையும், உடை மாற்றும் அறையில் விளக்கை அணைக்கச் சொல்வதையும் காண்கிறது. எதைக் கவனிப்பது, யாரிடம் சொல்வது என்று சொல்லிக் கொடுத்துவிட்டால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதை வியக்கத்தக்க பொறுப்போடு செய்கிறார்கள். தன் வலியைச் சொல்லத் தயங்கும் பிள்ளை தன் தோழியின் வலியைச் சொல்லத் தயங்குவதில்லை என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் அடியால் நேரும் மரணம் மிக அரிது என்பதையும் நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். மரணத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பயமுறுத்தினால், பெற்றோரில் சிலர் பிள்ளையை விளையாட்டிலிருந்தே நிறுத்திவிடுவார்கள். மற்றவர்கள், அது நமக்கு நடக்காது என்று கடந்துவிடுவார்கள். அன்றாடம் நடப்பது வேறொன்று. ராபர்ட் எல்பின் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அடிபட்டவுடன் வெளியேறிய இளம் வீரர்கள் சராசரியாக 22 நாட்களில் தேறினார்கள். அடிபட்ட பின்னும் ஆட்டத்தைத் தொடர்ந்தவர்களுக்கு 44 நாட்கள் ஆயின. 69 பேர் மட்டுமே பங்கேற்ற சிறிய ஆய்வு அது என்றாலும், அதன் திசையை வேறு ஆய்வுகளும் உறுதிசெய்திருக்கின்றன. "ஆடுவேன்" என்று அடம் பிடிக்கும் பிள்ளையிடம் இந்த எண்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இன்று மீதமிருக்கும் சில நிமிடங்களுக்காக மூன்று வாரங்களைக் கூடுதலாக இழக்க நேரிடலாம் என்ற கணக்கு, எந்த எச்சரிக்கையையும்விட எளிதாக அவர்களுக்குப் புரிகிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது பெற்றோரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், குழப்பம் கூடினாலும், பேச்சு குழறினாலும், கை கால் மரத்தாலும், கழுத்து வலித்தாலும், எழுப்ப முடியாத உறக்கத்தில் ஆழ்ந்தாலும் ஒரு கணமும் காத்திராமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முதல் சில மணி நேரம் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. மருத்துவர் பார்த்து, அபாய அறிகுறிகள் இல்லை என்று சொன்ன பிறகு பிள்ளையைத் தூங்க விடலாம். இரவு முழுவதும் மணிக்கொரு முறை எழுப்ப வேண்டும் என்பது பழைய வழக்கம், தூக்கம் மூளைக்கு மருந்து.

ஓய்வைப் பற்றிய கருத்தும் வெகுவாக மாறிவிட்டது. அறிகுறி முழுவதும் மறையும்வரை இருட்டறையில் படுத்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. மில்வாக்கியில் டேனி தாமஸ் குழுவினர் நடத்தி 2015-இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நாட்கள் கடும் ஓய்வில் வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, ஓரிரு நாட்கள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிட அறிகுறிகள் அதிகமாகவும் அதிக நாட்களுக்கும் நீடித்தன. பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெடி 2019-இல் வெளியிட்ட சோதனையில், முதல் வாரத்திலேயே அளவான உடற்பயிற்சி தொடங்கிய இளையோர் 13 நாட்களிலும், தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாட்களிலும் தேறினார்கள். 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடி, 2023-இல் அறிக்கை வெளியிட்ட பன்னாட்டு வல்லுநர் மாநாடும் இதையே ஏற்றுக்கொண்டது: முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்கு அன்றாட வேலைகளோடு கூடிய இளைப்பாறல், அந்த நேரத்தில் கைப்பேசித் திரையைக் குறைத்தல், மெல்லிய நடையில் தொடங்கி ஆட்டத்துக்குத் திரும்பும்வரை ஆறு படிகள். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். உடற்பயிற்சியின்போது அறிகுறி சிறிதளவு கூடி ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் நிறுத்திவிட்டு மறுநாள் முயல வேண்டும். மோதலுக்கு இடமுள்ள பயிற்சிகளுக்கு முன் அறிகுறிகள் முழுமையாக நீங்கியிருக்க வேண்டும், மருத்துவரின் ஒப்புதலும் வேண்டும். பிரிட்டன் 2023-இல், தொழில்முறை அல்லாத அடித்தள விளையாட்டுகளுக்கென வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் எளிமையானது: 21 நாட்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது. மருத்துவரை எளிதில் அணுக முடியாத சிறு குழுக்களுக்கு இத்தகைய தெளிவான ஒற்றை விதியே பொருத்தமானது என்று எண்ணுகிறேன்.

மைதானத்துக்கு முன் வகுப்பறை. இதை மறந்துவிடுகிறோம். கரும்பலகையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்ப்பதே தலைசுற்ற வைக்கும் நிலையில், தேர்வெழுத உட்காரும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஆசிரியர் நினைப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு; வெளிக்காயம் எதுவும் இல்லையே. சில நாட்களுக்குக் குறைந்த நேரம் பள்ளி, இடையிடையே ஓய்வு, தள்ளிப் போடப்பட்ட தேர்வு, வீட்டுப்பாடத்தில் சலுகை ஆகியவை போதும். முழு வகுப்பையும் அறிகுறியின்றித் தாங்க முடியாத பிள்ளை முழு ஆட்டத்துக்குத் தயார் ஆகாது. பயிற்சியாளருக்குத் தெரிந்த செய்தி வகுப்பாசிரியருக்கும், அவருக்குத் தெரிந்தது பயிற்சியாளருக்கும் போய்ச்சேர வேண்டும்.

ஹெல்மெட்டைப் பற்றிப் பெற்றோர் கேட்காத கூட்டம் இல்லை. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கிறது. அதற்காகவே அதை அணிய வேண்டும். உள்ளே மூளை சுழல்வதை அதனால் முழுவதும் தடுக்க முடியாது. மூளை அதிர்ச்சியைத் தடுப்பதாக விளம்பரம் செய்யும் எந்தப் பொருளையும் நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் பதில்.

உண்மையான பலன் விதிகளை மாற்றியதில் கிடைத்திருக்கிறது. சிறுவர், பதின்வயதினர் ஆடும் பனி ஹாக்கியில் உடலால் மோதித் தடுப்பதற்குத் தடை விதித்தபோது மூளை அதிர்ச்சிகள் 58 சதவீதம் குறைந்ததாக ஆம்ஸ்டர்டாம் அறிக்கை குறிப்பிடுகிறது. எந்தச் சுவரொட்டியும் எந்தக் காணொளியும் இந்த அளவைத் தொட்டதாக நான் அறியவில்லை. காலால் ஆடும் கால்பந்துக்கான (சாக்கர்) அமெரிக்கச் சம்மேளனம் 2015-இல், 10 வயது வரையுள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டுவதைத் தடை செய்தது. இங்கிலாந்து 2020-இல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை நீக்கியது. ஆட்டத்தின் அழகு போய்விடும் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை காலால் பந்தைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்வதில் என்ன அழகு குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை. தலையால் முட்டும் கலையைக் கழுத்துத் தசை வலுவடைந்த பின் கற்றுக்கொள்ளலாம்.

பெண்பிள்ளைகள் ஆடும் அணிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஒரே விதிகளோடு இருபாலரும் ஆடும் கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் பெண்பிள்ளைகளுக்கே மூளை அதிர்ச்சி அதிகமாகப் பதிவாகிறது. கழுத்தின் வலு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் அறிகுறிகளை வெளிப்படையாகச் சொல்வதும் இன்னொரு காரணமாக இருக்கலாம். காரணம் எதுவானாலும், முதலுதவிக்கு ஆளும், பயிற்சி பெற்ற கண்ணும் ஆண்பிள்ளைகளின் ஆட்டத்துக்கு அனுப்பப்பட்டுவிட, பக்கத்து மைதானத்தில் பெண்பிள்ளைகள் எவரும் இன்றி ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

வெளியேற்றப்பட்ட பிள்ளைக்கு அடுத்த சில வாரங்கள் எப்படிக் கழிகின்றன என்பதில்தான் மற்ற பிள்ளைகளின் வருங்கால வாய்மை அடங்கியிருக்கிறது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னவள் பயிற்சிக்கு அழைக்கப்படாமல், குழுச் செய்திகளில் பெயர் இல்லாமல், திரும்பி வந்ததும் மாற்று வீரர்களின் வரிசையில் கடைசியாக உட்காருவதைக் கண்டால், அடுத்த அடியைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். நான் மதிக்கும் ஒரு பயிற்சியாளர், அப்படி வெளியே இருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு வேலை வைத்திருப்பார். வெளிச்சமும் சத்தமும் தொந்தரவு செய்யாத அளவுக்குத் தேறியதும், எதிரணியின் ஆட்டத்தைக் கவனித்துக் குறிப்பெடுப்பது, புதிதாகச் சேர்ந்த சிறுவர்களுக்குப் பந்து தருவது, அணிக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்காருவது என்று ஏதாவது ஒன்று. முழு ஒப்புதலோடு திரும்பும் நாளில் அந்தப் பிள்ளையின் பழைய இடத்தை அவர் பேச்சின்றிக் கொடுத்துவிடுவார். அவருடைய அணியில்தான், ஆட்டத்தின் நடுவே தானாகவே கையை உயர்த்தி, "எனக்குத் தலை சரியில்லை" என்று சொல்லி வெளியே நடந்து வந்த சிறுவனை நான் பார்த்தேன்.